என் தம்பியின் முட்டியும் உசைன் போல்ட்டின் வேகமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருமுல்லைவாயலில் எங்கள் வீட்டில் கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து, எல்லோரும் ஃபேனுக்குக் கீழே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். என் தம்பி மட்டும் சோபாவில். அவனால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் மொபைலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அப்பா, இத பாரேன். இந்தாளு உசைன் போல்ட்ட விட வேகமாம்!"

ஹெல்மெட்டும் தோளில் மெத்தை மாதிரி கவசமும் போட்ட ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரர். பெயர்தான் கால்பந்து, பந்து முட்டை வடிவில் இருக்கும், பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். எதிரணி ஆட்கள் பாய்ந்து வந்து மடக்குவார்கள். இவர் ஒருவர் கையிலும் சிக்காமல் ஓடிக்கொண்டிருந்தார்.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நம்ம கபடியத்தான் அவனுங்க பெரிய கிரவுண்டுல ஆடறானுங்க."

மகள் உடனே அவன் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, நிஜமா சொல்லு. ரேஸ் ஓடறவங்க வேகமா, கபடி ஆடறவங்க வேகமா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். என் மனைவி சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

காரணம், டிவி ஸ்டாண்டில் ரிமோட்டுக்குக் கீழே இரண்டு வாரமாகக் கிடந்த ஒரு பேப்பர். மகளைக் கபடிப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 'பாக்கலாம்' என்று சொல்லியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் சின்ன வயதிலிருந்தே ஓட்டக்காரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நானும் பள்ளி நாட்களில் 100 மீட்டர் ஓடியவன்தான். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்ட மண் தரையில், பி.டி. வாத்தியார் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சில் 11.6 விநாடி. அதற்கு மேல் குறையவில்லை. ஆனால் அந்த எண்ணை இன்றுவரை நான் மறந்ததில்லை; கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன் என்று என் மனைவி இப்போதும் கேலி செய்வாள்.

இந்த வருடம் மண்டல அளவிலான போட்டியில் மகள் 100 மீட்டரில் நான்காவதாக வந்தாள். மூன்று பேருக்குத்தான் மேலே வாய்ப்பு. அழுதுகொண்டே வந்தவளிடம், "1984 ஒலிம்பிக்ஸ்ல பி.டி. உஷாவும் நாலாவதுதான், ஒரு விநாடியில நூத்துல ஒரு பங்குல பதக்கம் போச்சு" என்று ஆறுதல் சொன்னேன். அவள் உடற்கல்வி ஆசிரியை சொன்னது வேறு.

"சார், இவ ஓட்டத்தை நல்லா கவனிச்சீங்களா? முதல் பத்து மீட்டர்ல இவதான் முன்னாடி. இருபதுலகூட முன்னாடி. அதுக்கப்புறம்தான் மத்தவங்க தாண்டிப் போறாங்க. இவளுக்கு இருக்கிறது கபடி வேகம். என்கிட்ட விடுங்க."

மகளுக்கும் ஆசை வந்துவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது, அந்த அணியில் நம்ம சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து வீட்டுச் சுவரில் அவர் படம்தான்.

எனக்கோ கபடி என்றாலே கண்ணில் தெரிவது என் தம்பியின் வலது முட்டி.

அவன் இந்தப் பக்கத்தில் பேர் சொன்னால் தெரிகிற அளவுக்கு ஆடியவன். தொண்ணூறுகளில் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி எங்கே மின்னொளி கபடி என்று போஸ்டர் ஒட்டினாலும் அவன் டீம் அங்கே இருக்கும். எவர்சில்வர் குடம் பரிசாக வாங்கி வாங்கி, அம்மா அதில் அரிசி, பருப்பு, புளி எல்லாம் கொட்டி வைத்திருந்தாள். அப்போதெல்லாம் கபடி என்பது வெறும் விளையாட்டு இல்லை. நன்றாக ஆடினால் ரயில்வே, போலீஸ், வங்கி என்று எங்காவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். எங்களைப் போல வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு அது லாட்டரி மாதிரி.

எனக்கும் அவனுக்கும் அப்போதே இந்தச் சண்டை உண்டு. யார் வேகம்? ஒருநாள் பந்தயம் கட்டி 100 மீட்டர் ஓடினோம். ஓட ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்தது அவன் முதுகு. அவன் ஏற்கெனவே எனக்கு முன்னால் இருந்தான்! முப்பது மீட்டர் தாண்டித்தான் பிடித்தேன். கடைசியில் பத்து மீட்டர் வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்தானே? "இதாண்டா வேகம்" என்றேன்.

"அப்படியா? இங்க வா" என்று கபடிக் கோட்டுக்குள் இழுத்துப்போனான். பாடிக்கொண்டு உள்ளே போ, என்னைத் தொட்டுவிட்டுத் திரும்பு என்றான். நான் பாய்ந்தேன். தொட்டும்விட்டேன். ஆனால் திரும்புவதற்குள் என் காலே எனக்கு அடங்கவில்லை. இரண்டு எட்டு கூடுதலாகப் போய்விட்டேன். அதற்குள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். பத்து தடவை முயன்றேன். பத்து தடவையும் மண்ணைக் கவ்வினேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லாமல், அன்றைக்கு அவள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வோம் என்று பேப்பர், பேனா எடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடமாக அளவெடுக்கிற வேலை எனக்கு. எண் இருந்தால் தைரியம் வரும்.

2009 ஆகஸ்ட் 16, பெர்லின். உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்த நாள். அந்த ஓட்டத்தை ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் பத்து மீட்டருக்கு அவருக்கு ஆனது 1.89 விநாடி. சராசரி பார்த்தால் மணிக்கு 19 கிலோமீட்டர்தான்.

"சித்தப்பா ஆட்டோ வேகம்!" என்றாள் மகள். தம்பி ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

ஆனால் அதே போல்ட், 60-வது மீட்டரிலிருந்து 80-வது மீட்டர் வரை மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கிறார். அதாவது, உலகத்திலேயே வேகமான மனிதருக்குக்கூட முழு வேகத்தைத் தொட 60 மீட்டர் தேவைப்பட்டிருக்கிறது. கபடி மைதானத்தில் அவ்வளவு இடம் எங்கே? ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை ஆறு, ஆறரை மீட்டர்தான். போல்ட்டே வந்தாலும் அவருடைய 44 கிலோமீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

"சரிப்பா, இந்த அமெரிக்காக்காரரு?"

அவர்கள் ஓட்டத்தை அளப்பது 40 கெஜத்தில், அதாவது 36.58 மீட்டரில். 2024-ல் சேவியர் வொர்த்தி என்ற இளைஞர் அதை 4.21 விநாடியில் ஓடினார். அந்தத் தேர்வில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. போல்ட்டின் பெர்லின் ஓட்டத்தில் 30 மீட்டர் 3.78 விநாடி, 40 மீட்டர் 4.64 விநாடி. நடுவில் கணக்குப் போட்டால் 36.58 மீட்டருக்கு ஏறக்குறைய 4.35 வருகிறது.

"அய்யய்யோ, அப்ப போல்ட் தோத்துட்டாரா?"

அவசரப்படாதே என்றேன். தடகளத்தில் துப்பாக்கி வெடித்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். சத்தம் காதில் விழுந்து கால் அசைய போல்ட்டுக்கு அன்று 0.146 விநாடி ஆனது. அமெரிக்கக் கால்பந்துத் தேர்வில், ஓடுகிறவர் உடம்பு அசைந்த பிறகுதான் கடிகாரத்தை அழுத்துகிறார்கள். அந்த 0.146-ஐக் கழித்துப் பார்த்தால் போல்ட்டும் 4.2-க்கு வந்துவிடுகிறார். முதல் 36 மீட்டரில் இருவரும் கிட்டத்தட்ட சமம். அதற்குப் பிறகுதான் போல்ட், போல்ட் ஆகிறார்.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது, எதனால் அளக்கிறோம் என்பதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச், எலெக்ட்ரானிக் கருவியைவிட 100 மீட்டரில் கால் விநாடி அளவுக்கு வேகமாகவே காட்டும். (அப்படியென்றால் என் 11.6? அதை மகள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

நம் நாட்டிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் கர்நாடகாவின் கம்பளா எருமைப் பந்தயத்தில், சேற்று வயலில் எருமைகளோடு 142.5 மீட்டரை 13.62 விநாடியில் ஓடினார் ஸ்ரீனிவாச கவுடா. அதை 100 மீட்டருக்கு வகுத்து, 9.55 விநாடி, போல்ட்டையே தாண்டிவிட்டார் என்று நாடே கொண்டாடியது. மத்திய அமைச்சரே தகுதித் தேர்வுக்கு அழைத்தார். அவர் போகவில்லை. எருமையோடு ஓடுவது வேறு, டிராக்கில் ஓடுவது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ராமேஷ்வர் குர்ஜர், வெறுங்காலோடு ரோட்டில் 100 மீட்டரை 11 விநாடியில் ஓடியதாக வீடியோ பரவியது. போபாலில் முறையான டிராக்கில் ஓடவைத்தபோது 12.9 விநாடி ஆனது, கடைசியாக வந்தார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? ஒரு ரோட்டு ஓட்டத்தை உலக சாதனையாக்கியது நாம்தான்.

"அப்ப ஒரு கேம்லேர்ந்து இன்னொரு கேமுக்குப் போய் யாருமே ஜெயிக்கலையா?" மகளின் குரல் இறங்கியிருந்தது. அவள் யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஜெயித்திருக்கிறார்கள். பாப் ஹேய்ஸ் என்பவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். பிறகு டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடி, அங்கேயும் சாம்பியன் ஆனார். இன்னொரு பக்கத்திலிருந்து வந்தவர் டி.கே. மெட்காஃப். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கால்பந்து வீரர். 2020-ல் ஓர் ஆட்டத்தில், பந்தோடு பறந்துகொண்டிருந்த எதிரணி வீரரைப் பின்னாலிருந்து துரத்திப் பிடித்தபோது அவர் தொட்ட வேகம் மணிக்கு 36 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஹெல்மெட், கவசத்தோடு. அடுத்த வருடம் நிஜமான ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் ஓடிப் பார்த்தார். 10.36 விநாடி. அவர் ஓடிய சுற்றில் கடைசி இடம்.

"கடைசியா!" என்றாள் மகள்.

"ஆமா. ஆனா அன்னிக்கு நம்ம இந்தியாவோட தேசிய சாதனையே 10.26தான்" என்றேன். 2025 ஜூலையில்தான் அனிமேஷ் குஜுர் 10.18 ஓடினார். வேறு விளையாட்டிலிருந்து வந்து, கடைசி இடம் பிடித்த ஒருவர், நம் சாதனைக்குப் பத்தில் ஒரு விநாடி தூரத்தில் இருந்திருக்கிறார். கடைசி என்பதும் யாரோடு ஓடினோம் என்பதைப் பொறுத்ததுதான்.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த தம்பி, காலை மெதுவாக நீட்டி மடக்கினான். "அண்ணா, எல்லாம் சரி. எவ்ளோ வேகமா ஓடறான்னு எல்லாரும் அளக்கறாங்க. எவ்ளோ சீக்கிரம் நிக்கறான்னு யாரு அளக்கறா?"

அதற்கு என்னிடம் எண் இல்லை.

1997 காணும் பொங்கல் அன்று ஆவடி பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த போட்டியில் அது நடந்தது. தம்பிக்கு வயது 19. அடுத்த வாரம் ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்குத் தேர்வு, கூப்பிட்டிருந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் தண்ணீர் தெளித்து இளக்கிய மண். அவன் வழக்கம்போல வெறுங்காலோடு இறங்கப் போனான். நான்தான் தடுத்தேன். முதல் சம்பளத்தில் நான் வாங்கிய புது ஷூ, அடியில் ரப்பர் முள் வைத்தது. "இதப் போட்டுக்கோடா, வழுக்காது, இன்னும் வேகமா போவ" என்று நானே லேஸ் கட்டிவிட்டேன். ஓட்டக்காரனான எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்: கால் தரையை நன்றாகக் கவ்வினால் வேகம் கூடும்.

நான்காவது ரெய்டு. ஒருவனைத் தொட்டான். வலது காலை ஊன்றித் திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஷூ மண்ணைக் கவ்விக்கொண்டு நின்றது. யாரும் அவனைத் தொடவே இல்லை. கட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னான்.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். எண்ணெய் போட்டுக் கட்டு கட்டினோம். மூன்று மாதம் கழித்து நடந்தான். ஓடினால் முட்டி நழுவியது. கிழிந்தது உள்ளே இருக்கும் ஜவ்வு, அது எக்ஸ்ரேயில் தெரியாது என்பதெல்லாம் பல வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தபோதுதான் புரிந்தது. தேர்வு போயிற்று, வேலை போயிற்று. இன்றைக்கு ஆட்டோவில் வலது காலால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அவனுக்கு வலிக்கும்.

அந்த ஷூவைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் பேசியதில்லை.

மகளின் பேப்பரில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தம்பிக்கு எப்போதோ புரிந்துவிட்டது போல. "அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆறரை மணிக்கே ஆட்டோவோடு வந்துவிட்டான். எதிர் வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டோம். பத்தாம் வகுப்பு; பள்ளியில் 100 மீட்டர் ஓடுகிறவன். முதலில் இருவரையும் 100 மீட்டர் ஓடவிட்டோம். மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் பையன் 13.4. மகள் 14.9. வித்தியாசம் ஒன்றரை விநாடி. அவள் முகம் சுருங்கியது.

பிறகு தம்பி செருப்பால் மண்ணில் இரண்டு கோடு கிழித்தான். நடுவில் 6 மீட்டர், பெண்கள் கபடியின் பாதி மைதானம். போய், கோட்டைத் தொட்டு, திரும்பி வந்து, மறுபடியும் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 24 மீட்டர். மூன்று திருப்பம்.

மகள் 7.4. பையன் 7.9.

பையனால் நம்பவே முடியவில்லை. இன்னொரு முறை ஓடினான். ஒவ்வொரு கோட்டிலும் ஓர் எட்டு தாண்டிப் போய்த்தான் நின்றான். முப்பது வருடத்துக்கு முன்னால் என் கால் செய்த அதே வேலை.

மகள் துள்ளிக் குதித்தாள். தம்பி சிரிக்கவில்லை. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"நீ ஜெயிச்ச, சரி. ஆனா எப்பிடி நின்ன தெரியுமா? கால நேரா குச்சி மாதிரி ஊனற. திரும்பறப்ப முட்டி உள் பக்கமா சாயுது. நானும் இப்பிடித்தான் நின்னேன்."

அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். ஒரே எட்டில் நிற்காதே, கடைசி மூன்று எட்டைச் சின்னதாக வை. முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நில். முட்டி எப்போதும் கால் விரல் பார்க்கிற திசையையே பார்க்க வேண்டும். குதித்து இறங்கும்போது சத்தம் வரக் கூடாது, பூனை மாதிரி இறங்கு. தான் நொண்டிக்கொண்டே அதைச் செய்து காட்டினான்.

வீட்டுக்கு வந்து நான் படித்துப் பார்த்தேன். அவன் சொன்னதும் விளையாட்டு மருத்துவர்கள் சொல்வதும் ஒன்றாகவே இருந்தது. முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற இந்த ஜவ்வு, பெரும்பாலும் அடுத்தவர் மோதிக் கிழிவதில்லை; திடீரென நிற்கும்போதும், திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும்தான் கிழிகிறது. ஒரே மாதிரி விளையாட்டை ஆடும் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு, அதற்கும் மேல். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை, மேலும் படித்தேன். தொடையின் பின்பக்கத் தசை, இடுப்புத் தசைகளை வலுவாக்கி, சரியாக நிற்கவும் இறங்கவும் பழக்கினால் ஆபத்து நன்றாகக் குறைகிறது. கால்பந்துக்காக ஃபிஃபாவே '11 பிளஸ்' என்று இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சி ஒன்றை வகுத்திருக்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், அதில் பல பயிற்சிகளுக்கு மொட்டை மாடியே போதும். தம்பி ஆடிய காலத்தில் எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் வீட்டில் கபடியோ, கால்பந்தோ, கூடைப்பந்தோ, கோகோவோ ஆடுகிற பிள்ளை இருந்தால், அவர்கள் பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள். எவ்வளவு வேகமாக ஓடுகிறாள் என்று கேட்பதோடு, எப்படி நிற்கிறாள் என்றும் கேளுங்கள்.

மைதானத்திலிருந்து கிளம்பும்போது மகள் கேட்டாள்: "அப்பா, கபடிக்கு எந்த ஷூ வாங்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "மேட்ல ஆடற ஷூ வேற, மண்ணுல ஓடற ஷூ வேற. ஷூ விஷயம் மட்டும் உங்கப்பாகிட்ட கேக்காத. என்கிட்ட கேளு."

சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான். ஒன்றும் புரியாமல் மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆட்டோவில் ஏறப் போனவனிடம், "டேய், அந்த ஷூ..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"விடுண்ணா" என்றான். "ஷூவா, ஈர மண்ணா, நான் நின்ன விதமா, எதுன்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கு கிரவுண்டுல அத்தன பேர் இருந்தாங்க. தன்னோட புது ஷூவ கழட்டிக் குடுத்தது நீ ஒருத்தன்தான்." வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான்.

அன்று இரவே கையெழுத்துப் போட்டேன். இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் தடதடவென்று சத்தம் கேட்கிறது. சத்தம் வரக் கூடாது என்று சித்தப்பா சொன்னதை நினைவுபடுத்த நானும் மேலே ஏறிப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே வந்து எண்ணுகிறான்.

நேற்று அவள் 100 மீட்டரும் ஒரு தடவை ஓடிப் பார்த்தாள். 14.7. பழைய பழக்கம், நான் டைரியில் எழுதி வைத்துக்கொண்டு தம்பிக்கும் போன் செய்து சொன்னேன். ஆவடி ஸ்டாண்டில் சவாரிக்காகக் காத்திருந்தான். நேரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நிக்கறப்ப முட்டி உள்ள சாஞ்சுதா?" என்றான்.

"இல்லடா" என்றேன். "நேரா இருந்துச்சு."